சேமித்த குருதியின் வயது: தோற்றமும் உண்மையும்

உடலினின்று எடுத்த குருதியை உறையாது பேணிப் பின்னர் மற்றொருவருக்கு ஏற்றலாம் என்பது முதலாம் உலகப் போரின் களத்திலே நடைமுறையில் நிறுவப்பட்டது. 1917 இல் மேற்குப் போர்முனையிற் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் ஒஸ்வால்ட் றொபேட்சன், சித்திரேற்றும் குளுக்கோசும் கலந்த கரைசலிற் பேணிய குருதியைக் காயமுற்ற படைவீரருக்கு ஏற்றினார். எத்தனை நாட்கள் பேணலாம் என்ற வினா அதனுடனேயே எழுந்தது. 1943 இல் பிரித்தானியாவில் உருவான அமிலச் சித்திரேற்றுக் கரைசல் 21 நாட்களுக்கு வழிசெய்தது. பின்வந்த கரைசல்கள் அவ்வெல்லையை 35 நாட்களுக்கும் 42 நாட்களுக்கும் நீட்டின. இவ்வெல்லை எதைக்கொண்டு வகுக்கப்பட்டது என்பது கவனத்துக்குரியது. ஏற்றி 24 மணி நேரத்தின் பின்னர் செங்குழியங்களுள் 75 சதவீதமாவது உடலில் நிலைத்திருக்க வேண்டும் என்பதே அமெரிக்காவில் நிலைபெற்ற அளவுகோல். குழியம் பிழைத்ததா என்று பார்த்தார்களேயன்றி நோயாளி பிழைத்தாரா என்று நெடுங்காலம் எவரும் முறையாகப் பார்க்கவில்லை.

சேமிப்பிலுள்ள குருதி மாறுகின்றது என்பதில் ஐயமில்லை. செங்குழியங்களின் சக்தி இருப்புக் குறைகின்றது. பொற்றாசியம் வெளியே கசிகின்றது. வட்டத்தட்டுப் போன்ற குழியங்கள் முள்ளுருவம் பெறுகின்றன. ஒட்சிசனை இழையங்களுக்கு விடுவிக்கத் துணைபுரியும் பொசுபேற்றுச் சேர்வை இரு வாரங்களுள் ஏறத்தாழ அற்றுப்போகின்றது. ஆயின், ஏற்றப்பட்ட பின்னர் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அது மீள உருவாகின்றது. இந்த இரண்டாம் பாதியை மறந்து முதற்பாதியை மட்டும் உரைப்பவர் பலர்.

2008 இல் அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரிலிருந்து வெளியான ஆய்வொன்று பெரும் கலக்கத்தை ஏற்படுத்தியது. இருதய சத்திரசிகிச்சை பெற்ற 6,002 பேரின் பதிவுகளை அது நோக்கிற்று. 14 நாட்களுக்கு மேற்படாத குருதியை மட்டும் பெற்றோருள் 1.7 சதவீதத்தினரும், அதனினும் பழைய குருதியை மட்டும் பெற்றோருள் 2.8 சதவீதத்தினரும் வைத்தியசாலையில் இறந்திருந்தனர். ‘பழைய குருதி கொல்கின்றது’ என்ற முடிவுக்குப் பலர் விரைந்தனர். ‘பழையது’, ‘புதியது’ என்ற சொற்கள் சந்தைச் சரக்கை மதிப்பிடும் பழக்கத்தினின்று வந்தவை. அவை முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. எவருக்கு எந்தப் பை கிடைத்தது என்பதைத் தீர்மானித்தவை அன்றைய கையிருப்பு, நோயாளியின் குருதி வகை, தேவையின் அவசரம் முதலிய நிலைமைகளே. இரு தொகுதியினரும் தொடக்கத்திலேயே ஒத்தவர்கள் அல்லர். பதிவேட்டில் இரண்டு விடயங்கள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றன் காரணமாகிவிடாது.

நோயாளரை எழுமாறாகப் பிரித்து நிகழ்த்திய சோதனைகள் அடுத்து வந்தன. 2015 இல் வெளியான சோதனையொன்றில், கனடாவிலும் ஐரோப்பாவிலும் தீவிர சிகிச்சை பெற்ற 2,430 பேருள், சராசரி 6 நாட்கள் பேணிய குருதியைப் பெற்றோரில் 37.0 சதவீதத்தினரும் 22 நாட்கள் பேணியதைப் பெற்றோரில் 35.3 சதவீதத்தினரும் 90 நாட்களுள் இறந்தனர். 2016 இல் நான்கு நாடுகளின் ஆறு வைத்தியசாலைகளில் 20,858 பேரை உட்படுத்திய சோதனையில் வைத்தியசாலையில் இறந்தோரின் வீதங்கள் முறையே 9.1, 8.7 ஆக இருந்தன. இவ்வேறுபாடுகள் தற்செயலின் எல்லைக்கு உட்பட்டவை. புதிய குருதி நோயாளியைக் கூடுதலாகக் காக்கவில்லை. எனினும் சேமிப்பின் இறுதி வாரத்தை மட்டும் தனித்து இச்சோதனைகள் ஒப்பிடவில்லை என்பதையும், பெருமளவு குருதி ஏற்றப்படும் சிசுக்களுக்குப் பொற்றாசியம் காரணமாகப் புதிய குருதியே தெரியப்படுகின்றது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

என் கருத்தில் இவை யாவற்றிலும் முதன்மையானது 2015 இல் உகண்டாவிலிருந்து வெளியான ஆய்வு. கம்பாலா நகரின் முலாகோ வைத்தியசாலையில், மலேரியாவாலும் அரிவாட்குழிய நோயாலும் கடும் குருதிச்சோகைக்கு ஆளான 290 சிறுவருக்கு, 10 நாட்களுக்கு மேற்படாத குருதி அல்லது 25 முதல் 35 நாட்கள் பேணிய குருதி ஏற்றப்பட்டது. ஒட்சிசன் பற்றாக்குறையைக் காட்டும் இலத்திக் அமிலம் இரு தொகுதியிலும் ஏறத்தாழ ஒரே அளவில் தணிந்தது. செல்வ நாடொன்றின் வைத்தியசாலை புதிய குருதியே வேண்டுமெனக் கோரினால் சில பைகள் வீணாகலாம். கையிருப்பே அரிதான ஆபிரிக்க வைத்தியசாலையில் அதே நியதியைப் புகுத்தினால், ஏற்றத்தக்க பை குளிரூட்டியில் இருக்கையிலேயே பிள்ளை இறக்க நேரும். 2016 இல் அமெரிக்கக் குருதி வங்கிச் சங்கம் வெளியிட்ட நெறிமுறை, அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு உட்பட்ட எந்தக் குருதியையும் ஏற்றலாம் எனப் பரிந்துரைத்தது. முலாகோவின் சிறுவரிடம் பெற்ற முடிவும் அப்பரிந்துரைக்கு ஆதாரமான சோதனைகளுள் ஒன்று.