கடல் உறைந்து கரைக்கு வரும் ஊர்! ஹொக்கைடோ பற்றி இதெல்லாம் தெரியுமா?

கடலே உறைந்து, பாளம் பாளமாக மிதந்துவந்து கரையை அடைக்கும் ஊர் ஜப்பானில் இருக்கிறது, தெரியுமா? ஹொக்கைடோ தீவின் வடகிழக்கில் உள்ள அபாஷிரி! துருவத்துக்குப் பக்கத்து ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். பிரான்சின் தென்கரையும் இதுவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன.

பிறகு எப்படி உறைகிறது? அமூர் என்ற பேராறு ஓக்கோட்ஸ்க் கடலில் நன்னீரைக் கொட்டுகிறது. அதனால் உப்புக் குறைந்த நீர் மேலே சுமார் 50 மீட்டர் ஆழத்துக்குத் தனி அடுக்காக நிற்கிறது. சைபீரியக் குளிர்காற்று அந்த அடுக்கை மட்டும் குளிர்வித்தால் போதும், கடல் கெட்டியாகிவிடும்! வடக்கே உறைந்த அந்தப் பனி, காற்றும் நீரோட்டமும் தள்ள, ஜனவரிக் கடைசியில் இங்கே வந்து சேரும். 'அரோரா' கப்பல் அதை நொறுக்கிக்கொண்டே உங்களைக் கூட்டிப்போகும். பனிக்கு அடியில் 'கிலியோனி' என்ற கண்ணாடி உடம்புக்காரி நீந்துகிறாள். ஓடில்லாத குட்டிக் கடல்நத்தை அவள்!

ஆனால் காற்று திசை மாறினால் ஒரே இரவில் பனி கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். பிப்ரவரியில் போங்கள், அபாஷிரியில் இரண்டு இரவாவது தங்குங்கள். சப்போரோவிலிருந்து ரயிலில் ஐந்தரை மணி நேரம்தான். பக்கத்திலுள்ள ஷிரெடோகோ தீபகற்பத்துக்கும் போகிறவர்கள் கவனிக்க: அங்குள்ள உடோரோவும் ரவுசுவும் மேப்பில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனால் நடுவிலுள்ள கணவாய்ச் சாலையைக் குளிர்காலம் முழுக்க மூடிவிடுவார்கள், மலையைச் சுற்றித்தான் போயாக வேண்டும்!

தெற்கே குஷிரோவில் இன்னொரு அதிசயம். அழிந்தே போனதாக நினைத்த செங்கொண்டைக் கொக்குகள் 1924இல் அங்குள்ள சதுப்பில் சொற்பமாகத் தென்பட்டன. பனியில் இரை கிடைக்காமல் தவித்தவற்றுக்கு உழவர்கள் மக்காச்சோளம் போட்டுப் போட்டே காப்பாற்றினார்கள். இன்று ஆயிரத்துக்கும் மேல்! சுருய் கிராமத்தின் ஒட்டோவா பாலத்தில் விடியற்காலை நின்று பாருங்கள். ஆற்றுநீர் காற்றைவிடக் கதகதப்பு, அதனால் ஆவி எழும்புகிறது. அதற்குள் ஒற்றைக் காலில் நின்றபடி தூங்கும் கொக்குகள்! கரையோர மரக்கிளைகளில் அந்த ஆவியே வெள்ளை வெளேரென்று உறைந்திருக்கும்.

உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகம் பிறந்ததும் இந்தத் தீவில்தான், தெரியுமா? 1936இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் குளிரறையில் நகாயா உகிசிரோ அதை ஒரு முயல் முடியின் மேல் வளர்த்துக் காட்டினார். ஒரே ஒரு முடி!

சாலையோரக் கம்பங்களில் கீழ்நோக்கித் தொங்கும் அம்புக்குறிகள் எதற்கு? பனி மூடிய சாலையின் விளிம்பு எங்கே என்று ஓட்டுநருக்குக் காட்டத்தான்! சிக்னல் விளக்குகளைக்கூடப் பனி அதிகம் தங்காதபடி மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கிறார்கள்.

சப்போரோ பனித்திருவிழா 1950இல் பள்ளி மாணவர்கள் செய்த ஆறே சிலைகளோடு தொடங்கியது. இன்று அந்த நாட்களில் நகரில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்துவிட்டு, மிச்ச இரவுகளை எல்லாம் கிழக்குக்கே கொடுங்கள்!