குண்டு தடுக்காத தொப்பி

வால்வ் நிறுவனத்தின் 'டீம் ஃபோர்ட்ரஸ் 2' 2007இல் வெளியான துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. 2009 மே மாதம் அதன் வீரர்களுக்குத் தொப்பிகள் வந்தன. மாட்டினால் வேகம் கூடாது, குண்டையும் தடுக்காது. வெறும் அழகுதான். ஆனாலும் ஆட்டக்காரர்கள் அதற்காக ஏங்கினார்கள்.

அந்த ஆண்டு ஹாலோவீனுக்கு வந்தது 'ஜிபஸ்': நசுங்கி, கிழிந்த நெட்டைத் தொப்பி. அதைப் போட்டிருப்பவரை, அவர் கையால் சாகாமல் நான்கு முறை வீழ்த்தினால் உங்களுக்கும் ஒன்று கிடைக்கும். தலைக்குத் தலை தாவும் தொப்பி, எவ்வளவு அருமையான யோசனை! கடைசியில் எல்லார் தலையிலும் ஏறி, புதியவர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

2010 செப்டம்பரில் விளையாட்டுக்குள்ளேயே கடை திறந்தது. ரசிகர்கள் வடிவமைத்த பொருள்களும் அங்கே விற்றன; விற்ற தொகையில் 25 சதவீதம் வடிவமைத்தவருக்கு. 2011 ஜூனில் விளையாட்டே இலவசமானது. தொப்பி போன்ற கடைப் பொருள்களுக்கு மட்டும் காசு.