மாவுக்கட்டு பிரித்த பிறகும் கவனம் தேவை
சறுக்குச் சக்கர விளையாட்டுகளில் ஏற்படும் காயங்களின் பின்விளைவுகள்

ஸ்கேட்டிங் காலணி, ஸ்கேட்போர்டு, காலால் உந்திச் செல்லும் ஸ்கூட்டர் ஆகியவற்றிலிருந்து விழுபவர்களுக்கு ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் முழுமையாக ஆறிவிடும். ஆயினும் சில காயங்களின் விளைவு மாதங்கள் கழித்தே வெளிப்படுகிறது. மாவுக்கட்டைப் பிரித்து வலியும் நின்றவுடன் பலர் மறுபரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு நிறுத்தக்கூடாத நான்கு காயங்களைப் பற்றி இங்கே விளக்குகிறோம்.

மணிக்கட்டு

விழும்போது கையை நீட்டி ஊன்றுவது இயல்பு. அப்போது பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும் பெருவிரலின் அடிப்பக்கத்தில் உள்ள ஸ்காஃபாய்டு என்னும் சிறிய எலும்பு முறியக்கூடும். முதல் எக்ஸ்ரேயில் இம்முறிவு தெரியாமலே போகலாம். எனவே அவ்விடத்தை அழுத்தினால் வலி இருக்குமாயின், படம் சரியாக இருந்தாலும் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள்களுக்குள் மீண்டும் படம் எடுப்பர், அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பர். இவ்வெலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து செல்வதால், நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு இரத்தம் குறைந்துவிடும். கவனிக்காமல் விட்டால் எலும்பு கூடாமல் போய், சில ஆண்டுகளில் மணிக்கட்டு மூட்டுத் தேய்மானம் தோன்றலாம்.

வளர்ச்சித்தட்டு

குழந்தைகளின் நீண்ட எலும்புகளின் முனையருகே, எலும்பு வளர்வதற்கு உதவும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. இதுவே வளர்ச்சித்தட்டு. இங்கு ஏற்படும் முறிவுகளில் பெரும்பாலானவை நன்றாகவே கூடிவிடும். சிலருக்கு மட்டும் தட்டின் ஒரு பகுதி வளர்ச்சியை நிறுத்திவிடும். அதனால் எலும்பு குட்டையாகவோ வளைந்தோ வளரும். எலும்பு வளர வளரத்தான் இக்குறை கண்ணுக்குத் தெரியும். வலி இல்லாத குழந்தையையும் மாதங்கள் கழித்து அழைத்து வரச் சொல்வது இதனால்தான். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் சிகிச்சை எளிதாகும்.

முழங்கை

மாவுக்கட்டு பிரித்தபின் குழந்தையின் முழங்கை விறைப்பாக இருப்பது இயல்பு. அன்றாட விளையாட்டிலும் மருத்துவர் சொல்லும் பயிற்சியிலும் அது மெல்ல மெல்லத் தளரும். எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவதும் கையை வலிய மடக்குவதும் கூடாது. அவற்றால் தசைக்குள் எலும்பு படிந்து விறைப்பு நிலைத்துவிடலாம்.

கட்டு போட்டிருக்கும் நாள்களில், விரலை நீட்டினால் கடும் வலி, மரத்துப்போதல், விரல்கள் வெளுத்தல் அல்லது நீலம் பாய்தல் ஆகியவை தோன்றினால் மறுநாள் வரை காத்திராதீர்கள். கட்டை இறுகக் கட்டியிருந்தாலோ உள்ளே வீக்கம் மிகுந்திருந்தாலோ, சில மணி நேரத்திலேயே தசை நிரந்தரமாகச் சிதைந்து விரல்கள் மடங்கிப்போகக்கூடும்.

தலை

தலையில் அடிபட்டபின் எடுத்த சி.டி. ஸ்கேன் சரியாக இருந்தாலும் மூளையதிர்ச்சி இருக்கலாம். தலைவலி, மறதி, எரிச்சல், தூக்க மாற்றம், பாடத்தில் கவனமின்மை ஆகியவை அதன் அறிகுறிகள். பெரும்பாலான குழந்தைகள் 4 வாரங்களுக்குள் தேறிவிடுவர். அதற்குப் பிறகும் அறிகுறிகள் நீடித்தால் மீண்டும் காட்டவும். முதல் ஓரிரு நாள் ஓய்வுக்குப்பின் சிறு நடை, படிப்பு, பள்ளி என்று படிப்படியாகத் தொடங்கி, மருத்துவர் அனுமதித்த பிறகே சறுக்குவதற்கு அனுப்புங்கள். மூளை தேறுவதற்குள் மற்றோர் அடி படுவது பேராபத்து. அடிபட்டபின் திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

மறுபரிசோதனைத் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே உள்பட எல்லாப் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் வளர்ச்சி மாறுபாடு விளங்கும். அவ்வப்போது குழந்தையின் இரு கைகளையும் அருகருகே நீட்டச் சொல்லி, நீளத்திலும் வளைவிலும் வேறுபாடு உள்ளதா என்று பாருங்கள்.

குழந்தை மீண்டும் சறுக்கத் தொடங்கும்போது தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கை மற்றும் முழங்கால் காப்புகள் தவறாமல் அணிவியுங்கள். விளையாட்டைத் தடுத்துவிட வேண்டியதில்லை. குழந்தை நலமாக இருப்பதாகத் தோன்றினாலும், குறித்த நாளில் மறுபரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.