நாவல் படிக்கும் பிள்ளையிடம் என்ன கேட்க வேண்டும்?

தாம்பரத்தில் ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பின், கல்லூரியில் தமிழ் படிக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். கையில் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ இருந்தது. “ஹஸ்ரத், நம்ம சமுதாயத்தையே இதுல குறை சொல்லியிருக்காரே, படிக்கலாமா?” என்றார். “எப்படிப் படிக்கணும்னு முதல்ல பார்ப்போம் தம்பி” என்றேன். அன்று பேசியது பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படலாம்.

மீரான் 1944-இல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். இந்நாவல் ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து, 1988-இல் நூலானது. பின்னர் ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக 1997-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். நம் சமுதாய இதழிலேயே முதலில் வெளிவந்த கதை என்பதை அந்தத் தம்பி அறிந்திருக்கவில்லை.

களம்: எந்த ஊர், எந்தக் காலம்?

விடுதலைக்கு முந்தைய கடலோரக் கிராமம். அப்போது அப்பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. 1956-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. பாத்திரங்களின் பேச்சில் மலையாளமும் அரபுச் சொற்களும் ஏன் கலந்திருக்கின்றன என்பது இதிலிருந்து விளங்கும். சொல் புரியவில்லை என்று புத்தகத்தை மூடிவிடாமல், ஒரு தாளில் குறித்துவைத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பாத்திரம்: யாருக்கு என்ன வேண்டும்?

ஊரைத் தன் பிடியில் வைத்திருக்கும் முதலாளி, அவருக்கு அடங்க மறுக்கும் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது, ஊரார் கண்மூடி நம்பும் தங்ஙள், ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதற்கு எழும் எதிர்ப்பு. ஒவ்வொருவரும் எதை விரும்புகிறார், எதை இழக்க அஞ்சுகிறார் என்று எழுதிப் பார்த்தால் கதையின் மோதல் தானாகத் தெரியும்.

குரல்: பேசுவது யார்?

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பாத்திரம் பேசுவதை எழுத்தாளரின் கருத்தாக எடுத்துக்கொள்கிறார்கள். மதரஸாவில் ஹதீஸ் பாடத்தில், செய்திக்கு முன் அறிவிப்பாளர் யார் என்று கேட்கப் பழகினோம். நாவல் கற்பனை, ஹதீஸோடு ஒப்பிடக்கூடியதல்ல. ஆனால் “இதைச் சொல்வது யார்?” என்று கேட்கும் பழக்கம் இங்கும் உதவும். தங்ஙளின் செயலைக் காட்டும்போது ஆசிரியர் சாடுவது மார்க்கத்தையா, மார்க்கத்தை விற்றுப் பிழைப்பவரையா? அந்தத் தம்பியிடம் இதைத்தான் கேட்டேன். பதிலைப் பக்க எண்ணோடு கொண்டுவரச் சொன்னேன்.

குறியீடு: திரும்பத் திரும்ப வருவது எது?

இதை நம் பிள்ளைகளுக்கு விளக்க சூரா யூசுஃபே போதும். அல்லாஹ் ‘அழகிய வரலாறு’ என்று குறிப்பிடும் அந்த அத்தியாயத்தில் (12:3) சட்டை மூன்று இடங்களில் வருகிறது. முதலில் பொய் இரத்தம் பூசப்பட்டு வருகிறது. பின்னர் பின்புறம் கிழிந்திருந்து நபி யூசுஃப் (அலை) அவர்கள் குற்றமற்றவர் என்று காட்டுகிறது. இறுதியில் தந்தை யஃகூப் (அலை) அவர்களின் பார்வை திரும்பக் காரணமாகிறது. தொடக்கத்தில் கண்ட கனவு முடிவில் நனவாகிறது. குர்ஆன் சொல்வது உண்மை வரலாறு, நாவல் மனிதக் கற்பனை. இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டு, நாவலிலும் திரும்ப வரும் பொருட்களைக் கவனிக்கச் சொல்லலாம்.

“கதையின் கரு என்ன?” என்ற கேள்வியைக் கடைசியில் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் பிள்ளை கைடைப் பார்த்துத்தான் எழுதும்.

சில வாரம் கழித்து அந்தத் தம்பி பக்க எண்களோடு வந்தார். இரண்டு இடங்களில் ஆசிரியரோடு அவருக்கு உடன்பாடில்லை. ஓரிடத்தில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபட்டது. ஆனால் “நம்மைக் குறை சொல்கிறார்” என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதை விட்டுவிட்டார். மற்றவர் சொல்லை முழுமையாகக் கேட்டு, நீதியோடு மதிப்பிடும் பண்பை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக, ஆமீன்.