ஒரே தரவு நிலையம், பல வாடகைதாரர்கள்: இடையில் சுவர் எழுப்புவது எப்படி?

ஒரு கிளினிக், ஒரு துணைப்பாட நிலையம், இணையத்தில் துணி விற்கும் ஒரு கடை. இந்த மூன்றின் தகவல்களும் சைபர்ஜெயாவிலோ ஜூரோங்கிலோ உள்ள ஒரே தரவு நிலையத்தில் இருக்கலாம். ஒரே சர்வரில்கூட மூன்றும் அருகருகே இயங்கலாம். ஆனால் நோயாளிகளின் விவரம் துணிக்கடையின் பக்கம் கசியக்கூடாது. இதை உறுதிசெய்வதே வாடகைதாரர்களைப் பிரிக்கும் வேலை.

எண்கள் போதவில்லை

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிக் கம்பி, தனி சுவிட்ச் என்றால் செலவு தாங்காது. அதனால் வந்ததுதான் ‘விலேன்’. ஒரே கம்பியில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் ஓர் எண்ணை ஒட்டி, யாருடையது என்று அடையாளம் காண்பார்கள். அந்த எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 12 பிட். எனவே, பயன்படுத்தக்கூடிய எண்கள் 4,094 மட்டுமே. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களைக் கொண்ட மேகக் கணினிச் சேவைக்கு இது போதாது.

2014ல் வெளியிடப்பட்ட ‘விஎக்ஸ்லேன்’ முறை 24 பிட் எண்ணைக் கொண்டது. 16 மில்லியனுக்கும் மேற்பட்ட பிரிவுகளை அதில் அமைக்கலாம். பொட்டலத்தை இன்னோர் உறையில் இட்டு, உறையின்மேல் பிரிவு எண்ணை எழுதி அனுப்புகிறது இம்முறை. சேருமிடத்தில் உறை பிரிக்கப்படும். இரண்டு புளோக்குகளில் ஒரே கதவு எண் இருந்தாலும் கடிதம் மாறாததுபோல, கிளினிக்கும் துணிக்கடையும் 10.0.0.5 என்ற ஒரே முகவரியை வைத்திருந்தாலும் குழப்பம் வராது.

முன்கூட்டியே முடிவெடுங்கள்

மென்பொருளால் இயக்கப்படும் வலையமைப்பில் விதிகளை மையக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒருமுறை எழுதினால் போதும். எல்லா சுவிட்சுகளுக்கும் அவை சென்றுவிடும். வசதிதான். ஆனால் தவறாக எழுதிய விதியும் அதே வேகத்தில் எங்கும் பரவும். ஆகவே, விசைப்பலகையில் கை வைக்கும் முன்பே சில முடிவுகளை எடுக்க வேண்டும்.

முதலாவது, யார் யாருடன் பேசலாம்? ‘அனுமதி தராத அனைத்தும் தடை’ என்பதே பாதுகாப்பான தொடக்கம். ஒரே வாடகைதாரருக்குள்ளும் இது தேவை. துணிக்கடையின் இணையப்பக்கச் சர்வர் மட்டுமே அதன் தரவுத்தளத்தை அணுக வேண்டும். அப்போதுதான் ஊடுருவியவர் ஓர் அறையோடு நிற்பார்.

இரண்டாவது, பொட்டலத்தின் அளவு. வெளி உறை ஏறத்தாழ 50 பைட் கூட்டும். வழக்கமான உச்ச அளவான 1,500 பைட்டுக்கு மட்டும் சுவிட்சுகளை அமைத்திருந்தால், சிறிய பொட்டலங்கள் போய்ச் சேரும்; பெரியவை வழியில் தொலையும். காரணம் தெரியாமல் பொறியாளர்கள் திண்டாடுவார்கள்.

மூன்றாவது, வேகப் பங்கீடு. துணைப்பாட நிலையத்தின் நேரலை வகுப்புக்கு ஆயிரம் மாணவர்கள் ஒரே நேரத்தில் வந்தால் கிளினிக்கின் சேவை முடங்கக்கூடாது. ஒவ்வொருவருக்கும் உச்சவரம்பு வேண்டும்.

நான்காவது, கட்டுப்பாட்டு மென்பொருளின் பாதுகாப்பு. எல்லாச் சாவிகளும் அங்கேதான் உள்ளன. அதற்குச் செல்லும் பாதை வாடகைதாரர்களின் பாதையிலிருந்து முற்றிலும் தனித்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. விஎக்ஸ்லேன் தரவைப் பிரிக்கும், மறையாக்கம் செய்யாது. இடையில் ஒட்டுக்கேட்பவர் உறையைப் பிரித்துப் படிக்கலாம். மருத்துவக் குறிப்பு போன்ற தகவல்களைத் தனியாக மறையாக்கம் செய்தே அனுப்ப வேண்டும்.

நீங்களே செய்து பார்க்கலாம்

தொழில்நுட்பக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் இதைக் கற்க விலையுயர்ந்த சாதனங்கள் தேவையில்லை. ‘மினிநெட்’, ‘ஓப்பன் விசுவிட்ச்’ ஆகிய இலவச மென்பொருள்கள் மடிக்கணினியிலேயே இயங்கும். இரண்டு வாடகைதாரர்களை உருவாக்கி, இருவருக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துப் பாருங்கள்.

சோதிக்கும்போது, தொடர்பு கிடைக்க வேண்டிய இடத்தில் கிடைக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கிடைக்கக்கூடாத இடத்தில் உண்மையிலேயே கிடைக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொடர்பு அறுந்தால் வாடிக்கையாளர் உடனே புகார் செய்வார். சுவரில் ஓட்டை இருந்தால், தகவல் கசியும்வரை யாரும் புகார் செய்யமாட்டார்கள்.