நீந்திப் பிறக்கும் மரம்

ஒரு விடுகதை போடட்டுமா? மரம்போல உயர்ந்து நிற்கும். உள்ளே கட்டை இருக்காது. பூக்காது, காய்க்காது, விதையும் போடாது. ஆனாலும் காடெல்லாம் அதன் பிள்ளைகுட்டிகள்! அது என்ன?

விடை: மரப் பெரணி. நேரில் பார்க்க ஆசையா? இலங்கையில் நுவரெலியாவுக்குத் தெற்கே இருக்கும் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குப் போவோம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே, மேகம் வந்து மரங்களைத் தொட்டுப் போகும் இடம் அது. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று பெரிய ஆறுகளுக்கு இங்கிருந்து தண்ணீர் போகிறது.

பூங்காவுக்குள் சுமார் 9 கிலோமீட்டர் சுற்றுப் பாதை உண்டு. கடமான்கள் மேயும் புல்வெளி ஒரு பக்கம், பாசி போர்த்திய குட்டை மரங்கள் நிறைந்த மேகக் காடு மறுபக்கம். காற்று அடித்துக் காயவைக்கும் மேட்டில் மரப் பெரணியைத் தேட வேண்டாம். ஓடைக் கரைகளையும், காட்டுக்குள் ஈரம் சொட்டும் பள்ளங்களையும் பாருங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் இறங்கும்போது கண்களை நன்றாகத் திறந்து வையுங்கள்.

எப்படி அடையாளம் காண்பது? மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலில் உச்சி. கிளையே இல்லாத தண்டின் நுனியில் நீளமான இலைகள் வட்டமாக விரிந்திருக்கும். நடுவில் இளங்குருத்துகள் சுருண்டு கிடக்கும். அவற்றின்மேல் முடிபோல அடர்ந்திருப்பவை பழுப்புச் செதில்கள். மென்மையான குருத்துக்கு அவைதான் போர்வை.

அடுத்து தண்டு. பழைய இலைகள் உதிர்ந்த தழும்புகள் அதில் தெரியும். வேம்பும் தேக்கும் ஆண்டுதோறும் பருத்து, உள்ளே வளையம் வளையமாகக் கட்டை சேர்க்கும். மரப் பெரணிக்கு அந்த வித்தை தெரியாது. அதற்குப் பதிலாகத் தண்டிலிருந்தே கறுப்பு வேர்களை விடும். அவை கீழ்நோக்கி இறங்கி, ஒன்றோடொன்று பின்னி, அடித்தண்டைச் சுற்றிக் கவசமாகிவிடும். ஆர்க்கிட் செடிகளை வளர்ப்பதற்காக இந்த வேர்த் தண்டை வெட்டி விற்பவர்கள் உண்டு. அதனால்தான் நாடு விட்டு நாடு போகும் மரப் பெரணி வணிகத்துக்கு ‘சைட்டிஸ்’ என்ற பன்னாட்டு ஒப்பந்தம் கடிவாளம் போட்டிருக்கிறது.

மூன்றாவது இடம், இலையின் அடிப்புறம். வரிசை வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள் தெரிகின்றனவா? ஒவ்வொரு பொட்டிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகள் பல இருக்கின்றன. பைக்குள் தூசி போன்ற ஸ்போர்கள்; விதைக்குப் பதில் பெரணிக்கு இவைதான். பையைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. வெயிலில் அதன் நீர் வற்ற வற்ற, வளையம் பின்னால் வளைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் உண்டிவில்லை இழுத்துவிட்டதுபோலச் சட்டென்று திரும்பி, ஸ்போர்களை வீசி எறியும்!

ஸ்போர் விழுந்த இடத்தில் உடனே பெரணி முளைக்காது. ஈர மண்ணில் முதலில் வருவது, விரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடு. அதில்தான் ஆண் செல்களும் பெண் செல்களும் உருவாகின்றன. ஆண் செல்லுக்கு நீந்த மட்டும்தான் தெரியும். மழைத்துளியோ பனித்துளியோ தகட்டை நனைத்தால் நீந்திப் போய்ப் பெண் செல்லோடு சேரும். அதற்குப் பிறகுதான் குட்டிப் பெரணி தலைகாட்டும். ஓடைக் கரையை மரப் பெரணி விட்டுப் பிரியாததற்குக் காரணம் இப்போது புரிகிறதா? தண்ணீர் இல்லாமல் அதற்கு வாரிசு கிடையாது.

இந்த ஒளிவுமறைவான வாழ்க்கையை 1851இல் விளக்கியவர் ஜெர்மனியின் ஹோஃப்மைஸ்டர். புத்தகமும் இசைநூலும் விற்ற குடும்பத்துப் பிள்ளை அவர். தாவரவியலைத் தானாகவே படித்தவர்.

டைனோசர்கள் உலவிய ஜுராசிக் காலத்திலேயே மரப் பெரணிகள் இருந்தன. பூக்கும் தாவரங்கள் உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். தமிழ்நாட்டிலும் இவற்றைப் பார்க்கலாம். ஹோர்ட்டன் சமவெளியில் வளரும் ‘அல்சோஃபிலா கிரினிட்டா’ என்ற இனமே நீலகிரி, ஆனைமலைச் சோலைகளிலும் ஓடையோரம் நிற்கிறது.

பூங்காவில் ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. ஸ்போரிலிருந்து பெரணி வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, வீட்டுத் தொட்டியில் வளரும் சாதாரணப் பெரணி போதும். அடியில் பழுப்புப் பொட்டு உள்ள இலையை, பொட்டு கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, காற்று படாமல் ஓரிரு நாள் விடுங்கள். தாளில் பொடி கொட்டியிருக்கும். அதை ஈர மண் நிரப்பிய கண்ணாடிப் புட்டியில் தூவி, மூடி, நிழலில் வையுங்கள். பல வாரங்கள் பொறுமை வேண்டும். பச்சை இதயங்கள் தென்பட்டதும் மறக்காமல் மேலே தண்ணீர் தெளியுங்கள். நீந்த வழி செய்து கொடுத்தால்தானே பெரணி பிறக்கும்!