மைக் செட்: அசந்தால் ஆபத்து!

கோவில் திருவிழாவா? கல்யாணமா? மைக் செட் இல்லாமல் காரியம் நடக்காது. இப்போது மிக்சரும் ஆம்ப்ளிபயரும் ஒரே பெட்டியில் வருகின்றன. வேலை சுலபம், கவனம்தான் தேவை.

பெரிய முள் எதற்கு?

மூன்று முள் பிளக்கில் பெரிய முள்தான் 'எர்த்'. இரைச்சல் கேட்கிறது என்று சிலர் அதை ஒடித்துவிடுகிறார்கள். உள்ளே மின்சாரம் கசிந்தால், 230 வோல்ட் பெட்டியிலிருந்து மைக்கின் உலோகத்துக்கே வந்துவிடும். பாடுகிறவர் உயிருக்கு ஆபத்து!

எத்தனை ஸ்பீக்கர்?

8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். நான்கைச் சேர்த்தால் 2 ஓம். ஓம் குறையக் குறைய மின்னோட்டம் கூடும். பெட்டியில் 'குறைந்தது 4 ஓம்' என்று போட்டிருந்தால் அதற்குக் கீழே போகக் கூடாது. மீறினால் பெட்டி சூடேறிக் கெட்டுவிடும்.

தனி ஆம்ப்ளிபயர் உள்ள ஸ்பீக்கரை இந்தப் பெட்டியின் ஸ்பீக்கர் துளையில் மாட்டாதீர்கள். அதுவும் பாழாகும்.

சுவிட்ச் எப்போது?

வயர்களை எல்லாம் மாட்டி, வால்யூமை முழுவதும் குறைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். மைக், ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கட்டும். முன்னால் வந்தால் 'கீ' என்று கூவும்.

மழை தூறுகிறதா? மெயினை அணையுங்கள். ஈரக் கையால் எதையும் தொடாதீர்கள். பாட்டை நாளைக்கும் பாடலாம். உயிர் ஒன்றுதான்!